செக்ரோல் இனி நம் கையில், தோழர்களே!

பாஹாவ் தோழர்களே, ரந்தாவ் தோழர்களே, லாபு, சிலியாவ், லிங்கி, தம்பின், கெமாஸ் என நெகிரி செம்பிலான் தோட்டங்களின் தோழர்களே! பால் வெட்டும் உளியைக் கொஞ்சம் கீழே வையுங்கள். குலை வெட்டும் கொக்கியை மரத்தில் சாய்த்து வையுங்கள். கேளுங்கள்.

நம் பேரில் ஒரு பேரம் நடக்கிறது. நம் வெயிலை வைத்து நடக்கிறது. நம் வெள்ளத்தை வைத்து நடக்கிறது. நம் லயத்து வரிசை வீட்டின் தகரக் கூரையை வைத்து நடக்கிறது. பணக்கார நாடுகள் ஒரு பக்கம், வளரும் நாடுகள் மறுபக்கம். பருவநிலை கெட்டுப் போனதற்கு யார், யாருக்கு, எவ்வளவு கொடுப்பது என்று வாதாடுகிறார்கள்.

அந்த மேசையில் மலேசியாவுக்கு நாற்காலி இருக்கிறது. நமக்கு இல்லை.

நாம் கேட்கவும் இல்லை. இன்றைக்குப் பேச வேண்டியது அதைப் பற்றித்தான்.

கணக்கைப் பாருங்கள். 2009-ல் கோப்பன்ஹேகன் பருவநிலை மாநாட்டில் பணக்கார நாட்டுக்காரர்கள் வாக்குக் கொடுத்தார்கள். 2020 வந்ததும் ஆண்டுக்கு 100 பில்லியன் டாலர் தருவோம் என்றார்கள். 2020 வந்தது. தொகை வந்து சேரவில்லை. 2021 வந்தது. சேரவில்லை. 2022-ல்தான் தொகை எட்டியது என்று அவர்களே எழுதிய கணக்கு சொல்கிறது.

அப்புறம் 2024 நவம்பர். அஸர்பைஜான் நாட்டின் பாக்கு நகரம். வளரும் நாடுகள் கேட்டது ஆண்டுக்கு 1,300 பில்லியன் டாலர். தருகிறோம் என்று சொன்னது 300 பில்லியன். அதுவும் 2035-க்குள். தீவு நாடுகளும் மிக ஏழை நாடுகளும் பொறுக்க முடியாமல் ஒரு கட்டத்தில் அறையை விட்டு எழுந்து நடந்தன. கடைசியில் விடியற்காலையில் சுத்தியலைத் தட்டி முடித்துவிட்டார்கள். தட்டிய பிறகுதான் இந்தியாவின் பிரதிநிதி சாந்தினி ரைனாவுக்குப் பேச வாய்ப்புக் கிடைத்தது. ஏற்க மாட்டோம் என்றார். மண்டபம் கைதட்டியது. தட்டிய சுத்தியல் தட்டியதுதான்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது புதுசா, தோழர்களே? "அடுத்த மாசம் பார்க்கலாம்." "மேலே எழுதிப் போட்டிருக்கு." "ரப்பர் விலை கீழே கிடக்கு, பொறுத்துக்கோ." எத்தனை தலைமுறையாக இதைக் கேட்டிருக்கிறோம்! துரை மாறினார். கணக்கெழுதும் கிராணி மாறினார். பேச்சு மாறவில்லை.

ஆகவே முதலில் ஒரு சொல்லைத் தூக்கி எறியுங்கள். உதவி என்ற சொல்லை எறியுங்கள். பருவநிலை உதவி, உதவி நிதி, உதவித் தொகை என்று பத்திரிகையில் படிக்கும்போதெல்லாம் கோபப்படுங்கள்.

யார் யாருக்கு உதவி செய்தது?

1877-ல் இங்கிலாந்தின் கியூ தாவரத் தோட்டத்திலிருந்து ரப்பர் கன்று இந்தப் பக்கம் வந்தது. காட்டை அழித்தது நம் பாட்டன். நிரை பிடித்தது நம் பாட்டன். விடியுமுன் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டி, பட்டையைச் சீவி, மங்கு மங்காய்ப் பால் எடுத்தது நம் பாட்டி. 1920-களில் உலக ரப்பரில் ஏறக்குறைய பாதி இந்த மலாயாவில் இறங்கிய பால். கப்பல் ஏறியது. அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் டயர் ஆனது. டயர் காரில் ஏறியது. கார் கோடிக்கணக்கில் ஓடியது. ஓடிய கார் புகை விட்டது.

அந்தப் புகைதான் இன்று நம் தலைக்கு மேல் போர்வையாகக் கிடக்கிறது.

உலகம் இதுவரை கக்கிய கரியமில வாயுவில் ஏறக்குறைய கால்வாசி அமெரிக்கா ஒன்றே கக்கியது. இரண்டாம் உலகப் போர் முடிந்து பிரிட்டன் கையில் காசில்லாமல் நின்றபோது அதற்கு டாலர் சம்பாதித்துக் கொடுத்தது மலாயா ரப்பர். நம் பாலை எடுத்துக்கொண்டார்கள். லாபத்தை எடுத்துக்கொண்டார்கள். புகையை மட்டும் நமக்கே திருப்பி அனுப்பினார்கள்.

இதற்குப் பேர் பாக்கி. நம் ஊர்க் கடைக்காரர் நோட்டில் எழுதி வைப்பாரே, அந்தப் பாக்கி. பாக்கியைக் கேட்பவன் கைகட்டி நிற்கத் தேவையில்லை. நிமிர்ந்து நின்று கேளுங்கள்.

அந்தப் பாக்கியை எப்படிக் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். 2022-ல் அரசுகளும் வளர்ச்சி வங்கிகளும் கொடுத்த பருவநிலைப் பணத்தில் ஏறக்குறைய 70 விழுக்காடு கடன். கடன், தோழர்களே! வீட்டை எரித்தவனே கூரை போடக் கடன் கொடுக்கிறான். வட்டியும் கேட்கிறான். கடனையும் எண்ணி இவ்வளவு கொடுத்தோம் என்று மாநாட்டில் மார்தட்டுகிறான்.

இந்த வித்தையை நம்மைவிட யாருக்குத் தெரியும்? ஆள் சேர்க்கும் கங்காணி ஊருக்கு வந்தான். கப்பல் காசு நான் தருகிறேன் என்றான். அரிசி தருகிறேன், போர்வை தருகிறேன், முன்பணம் தருகிறேன் என்றான். நாகப்பட்டினத்தில் ஏறியவர்கள் இங்கே வந்து இறங்கியபோது கடன்காரர்களாக இறங்கினார்கள். கொடுத்ததாகச் சொன்னதெல்லாம் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் நம் பேர் இருந்தது. பேருக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க நமக்குத் தெரியவில்லை. கிராணி சொன்னதே கணக்கு. கைநாட்டு வைத்தோம். வீட்டுக்கு வந்தோம்.

இன்றைக்கு நாடுகளுக்குக் கைநாட்டு வைக்கச் சொல்கிறார்கள்.

2021 டிசம்பரை மறந்துவிட்டீர்களா? மறக்காதீர்கள்! தீபகற்பத்திலேயே மழை குறைந்த இடம் என்று பேர் வாங்கிய ஜெலுபுவிலும் வெள்ளம் புகுந்தது. சிரம்பானில் புகுந்தது. ஜெம்போலில் புகுந்தது. நாடு முழுக்க அந்த வெள்ளப் பருவத்தில் போனது 6.1 பில்லியன் மலேசிய வெள்ளி என்று புள்ளிவிவரத் துறை கணக்குச் சொன்னது.

நான் பார்த்த ஒரு லயத்தைச் சொல்கிறேன். ஆற்றுக்குப் பக்கம். தண்ணீர் வடிந்து இரண்டாம் நாள். சுவரில், முருகன் காலண்டர் மாட்டியிருந்த ஆணி உயரத்துக்கு, ஒரு பழுப்புக் கோடு. அளவு நாடா வைத்து இழுத்த மாதிரி நேர்கோடு. அதற்குக் கீழே எல்லாம் சேறு. மெத்தை சேறு. தையல் மெஷின் சேறு. சின்னவளின் பள்ளிப் புத்தகங்கள் ஊதிப் பெருத்து ரொட்டி மாதிரி கிடந்தன.

வாசலில் துணிக்கொடி. துணிக்கொடியில் துணி இல்லை. காகிதங்கள். பிறப்புப் பத்திரம், கல்யாணப் பத்திரம், பையனின் பரீட்சைச் சான்றிதழ், பழைய சம்பளச் சீட்டுகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு இடுக்கி. அந்த அக்கா ஒவ்வொரு தாளாய்த் தொட்டுப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். அப்பாவின் சிவப்பு அடையாள அட்டையை மட்டும் கையில் வைத்து முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்பா செத்து வருசம் ஆகிவிட்டது. குடியுரிமைக்கு எழுதிப் போட்டு எழுதிப் போட்டு, சிவப்பு அட்டையோடே போய்ச் சேர்ந்தவர். "இது போச்சுன்னா அவர் இந்த நாட்டுல இருந்ததுக்கே சாட்சி இல்ல தம்பி" என்றார்.

அரசாங்கம் வெள்ளத்தில் பாதித்த குடும்பத் தலைவர்களுக்கு ஆளுக்கு 1,000 வெள்ளி கொடுத்தது. அக்காவும் வாங்கினார். சரி. உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மெத்தை, அடுப்பு, குளிர்பெட்டி, பழுதான மோட்டார். எழுதிக்கொண்டே வந்தோம். வேலைக்குப் போக முடியாத நாட்கள் என்று எழுதியதும் அக்கா நிறுத்தினார். "அதையெல்லாமா எழுதுவாங்க? மழை பெஞ்சா கூலி இல்ல. அது எப்பவும் உள்ளதுதானே."

எப்பவும் உள்ளதுதானே!

இந்த ஒரு வார்த்தைதான் என்னைத் தூங்கவிடவில்லை, தோழர்களே. நூறு வருசமாக மழையின் நட்டத்தை நம் அடுப்பில் போட்டு எரித்திருக்கிறோம். மரம் நனைந்தால் பால் வெட்ட முடியாது. பட்டையில் தண்ணீர் வழிந்தால் பால் மங்குக்கு வராமல் மரத்தோடு கரைந்து ஓடும். காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போவோம். வானத்தைப் பார்ப்போம். திரும்பி வருவோம். அன்றைய அடுப்புக்கு யார் பொறுப்பு? நாம். பருவநிலை நட்டம் என்று உலகம் பேர் வைக்கும் முன்பே அதைச் சுமந்தவர்கள் நாம். பேர் தெரியாமல் சுமந்தோம். விதி என்று சொல்லிச் சுமந்தோம்.

இப்போது பேர் தெரியும். இனியும் விதி என்று சொல்லாதீர்கள்.

வெயிலைப் பாருங்கள். வெப்பம் ஏறினால் பிள்ளைகளைத் திடலில் ஓடவிடாதே என்று கல்வியமைச்சு உத்தரவு போடுகிறது. நல்ல உத்தரவு. அந்த நேரத்தில் அந்தப் பிள்ளையின் அம்மா எங்கே இருக்கிறாள்? செம்பனை மரத்தடியில் குனிந்து உதிரிப்பழம் பொறுக்குகிறாள். உரச்சாக்கு நிறைய வேண்டும். முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, துண்டின் மேல் தொப்பி. துண்டை நனைத்துக் கட்டியிருக்கிறாள். பத்து நிமிடத்தில் காய்ந்துவிடுகிறது. நாட்டில் வேலையிட வெப்பத்துக்கு வழிகாட்டி நூல் 2016-லிருந்து இருக்கிறது. தண்ணீர் குடி, நிழலில் உட்கார், ஓய்வெடு என்று சொல்கிறது. டன் கணக்கில் கூலி வாங்குபவன் உட்கார்ந்தால் குலை குறையும். குலை குறைந்தால் கூலி குறையும். அந்த நிழலுக்கு யார் காசு கொடுப்பது?

உலகத் தொழிலாளர் அமைப்பு 2024-ல் சொன்னது: 240 கோடிக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் அளவுக்கு மீறிய வெப்பத்தில் வேலை செய்கிறார்கள். அந்த 240 கோடியில் நீங்கள் ஒருவர். நான் ஒருவன். நம்மை எண்ணிவிட்டார்கள். நம்மிடம் கேட்கவில்லை.

வறட்சி இன்னும் கொடியது. எல் நினோ வந்து போன பிறகும் விடாது. செம்பனை அந்த வறட்சியை உள்ளே வைத்திருந்து பல மாதம் கழித்துக் குலையைக் குறைக்கும். வானம் இருட்டி மழை கொட்டும் மாதத்தில், போன வருசத்து வெயிலுக்கு நம் சம்பளத்தில் கை வைக்கும். எந்த வெள்ள நிவாரணப் படிவத்தில் இதற்குக் கட்டம் இருக்கிறது?

ஒரு நிதி இருக்கிறது. அதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2022-ல் எகிப்தில் நடந்த மாநாட்டில் போராடி வாங்கியது. இழப்பு, சேதம் ஈடுகட்டும் நிதி. 2023-ல் துபாயில் அதற்கு உயிர் கொடுத்தார்கள். பணக்கார நாடுகள் முதலில் வாக்களித்தது சுமார் 700 மில்லியன் டாலர். உலகம் முழுவதுக்கும் சேர்த்து! டாலரில் கணக்கிட்டால், நம் நாட்டின் ஒரே ஒரு வெள்ளப் பருவத்தின் நட்டம் அதைப்போல் இரண்டு மடங்கு. அந்த நிதியின் குழுவிலிருந்து 2025-ல் அமெரிக்கா விலகியே போய்விட்டது.

முதல் கட்டப் பணத்தில் குறைந்தது பாதி, தீவு நாடுகளுக்கும் மிக ஏழை நாடுகளுக்கும். அது நியாயம். அவர்கள் மூழ்கிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் பங்கில் நாம் கை வைக்கக் கூடாது. ஆனால் மீதிப் பாதியைக் கேட்கப் போகும்போது மலேசியாவைப் பார்த்து உனக்கு எதற்கு, நீ நடுத்தர வருமான நாடு என்பார்கள். கோலாலம்பூர்க் கோபுரத்தின் உயரத்தையும் நம் லயத்தின் உயரத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வரும் வருமானம் அது!

அந்த நிதியின் சாசனத்திலேயே ஒரு கதவு இருக்கிறது. சமூகங்களுக்கும் நலிந்த மக்களுக்கும் நேராகச் சிறு மானியம் கொடுக்கலாம் என்ற கதவு. மானியம். திருப்பிக் கொடுக்க வேண்டாத பணம். கதவு இருக்கிறது. தட்டுகிற கை எங்கே?

நம் அரசாங்கத்தையும் விடக் கூடாது. 1992 ஏப்ரலில், ரியோ மாநாட்டுக்கு முன்பாகவே, வளரும் நாடுகளின் அமைச்சர்களைக் கோலாலம்பூரில் கூட்டிப் பணக்கார நாடுகளைக் கேள்வி கேட்ட நாடு இது. பாரிஸில் 2015-ல் வளரும் நாடுகளின் ஓர் அணிக்குக் குரலாக நின்றவர் மலேசியச் சட்டப் பேராசிரியர் குர்டியால் சிங் நிஜார். பினாங்கிலிருந்து மீனா ராமன் பல ஆண்டுகளாக இந்தப் பேரத்தின் ஒவ்வொரு வரியையும் துருவிப் படித்து உலகுக்குச் சொல்கிறார். அவர்களைப் பார்த்துப் பெருமைப்படுகிறேன். ஆனால் வெளியே போய்ப் பாக்கியைக் கேட்கும் நாடு, உள்ளே திரும்பி வந்து யாருக்குக் கொடுக்கப் போகிறது? தேசிய ஏற்புத் திட்டம் ஒன்று எழுதுகிறார்கள். வெப்பத்துக்கும் வெள்ளத்துக்கும் நாடு எப்படித் தயாராவது என்ற திட்டம். அதில் தோட்டப் பாட்டாளி என்ற சொல் இருக்க வேண்டும். லயம் இருக்க வேண்டும். மழை நாள் கூலி இருக்க வேண்டும். நாம் எழுதிக் கொடுக்காமல் எவன் எழுதுவான்?

மௌனத்தின் விலை என்ன என்று கேட்கிறீர்களா? இலங்கையைப் பாருங்கள்.

2025 நவம்பர் 22. பிரேசில் நாட்டின் பெலேம் நகரில் மாநாடு முடிந்தது. ஏற்புப் பணத்தை 2035-க்குள் மூன்று மடங்காக்க முயல்வோம் என்று எழுதிவிட்டு விமானம் ஏறினார்கள். ஒரு வாரம் ஆகவில்லை. டித்வா புயல் வந்தது. மலையகம் சரிந்தது. பதுளையில், கண்டியில், நுவரெலியாவில் மண் இறங்கியது. நம்மைப் போன்ற தோட்டத்துச் சனங்கள். நம்மைப் போலவே கப்பல் ஏறியவர்களின் பேரப்பிள்ளைகள். நம்மைப் போலவே லயத்தில் வாழ்பவர்கள். இலங்கை முழுவதும் 600-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த நாட்டுக்கு அந்த டிசம்பரிலேயே அனைத்துலக நாணய நிதியம் அவசரமாக அனுப்பியது என்ன? 20 கோடி டாலருக்குச் சற்று மேல். கடன்!

பிணத்தை எடுக்கும் முன் கடன் சீட்டு வந்தது, தோழர்களே.

2035 வரை மலை காத்திருக்குமா? ஆறு காத்திருக்குமா? அந்தச் சுவரின் பழுப்புக் கோடு காத்திருக்குமா?

இனி நம்மைப் பற்றிப் பேசுவோம். ஒளிக்காமல் பேசுவோம்.

"நாம படிக்காதவங்க" என்கிறீர்கள். பாலின் எடையை ஸ்டோரில் கண்ணால் பார்த்தே சொல்பவர்கள் நாம். பத்துக் காசு குறைந்தாலும் சம்பள நாளில் கண்டுபிடிப்பவர்கள் நாம். கணக்குத் தெரியாது என்று நமக்கு யார் சொன்னது?

"பெரிய இடத்து விஷயம்" என்கிறீர்கள். 1954-ல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டிய பி.பி. நாராயணன், 1975-ல் உலகத் தொழிற்சங்கச் சம்மேளனம் ஒன்றுக்கே தலைவரானார். தோட்டத்துக் குரல் உலக மேடையில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் உட்கார்ந்திருந்தது. பெரிய இடம் நமக்குப் புதிதில்லை.

"வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்க" என்கிறீர்கள். இந்தப் பயம் பொய்யில்லை. எனக்கும் இருக்கிறது. லயம் நம் பேரில் இல்லை. மலேசிய விஷன் வேலி என்ற திட்டத்தைச் சொல்லி நீலாயிலிருந்து போர்ட்டிக்சன் வரை தோட்ட நிலம் நகரமாக மாறிக்கொண்டிருக்கிறது. பேசாமல் இருந்தவர்களின் லயம் தப்பியதா? சொல்லுங்கள், பேசாமல் இருந்ததற்காக எந்த லயமாவது தப்பியதா?

1949 மே 4. எஸ்.ஏ. கணபதியைப் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். மலாயாத் தொழிலாளர்களை ஒன்று சேர்த்த சம்மேளனத்தின் தலைவர். கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்பது வழக்கு. சங்கம் வைத்திருந்தார் என்பது காரணம். அவரிடம் காலம் கேட்டது கழுத்தை. நம்மிடம் கேட்பது ஒரு நோட்டுப் புத்தகத்தை.

ஆம். ஒரு நோட்டுப் புத்தகம். ஒரு பேனா.

2019-ல் பசிபிக் கடலின் வனுவாட்டுத் தீவு நாட்டில் 27 சட்ட மாணவர்கள் ஒரு வகுப்பறையில் உட்கார்ந்தார்கள். நம் தீவுகள் மூழ்குகின்றன, உலக நீதிமன்றத்தைக் கேட்போம் என்று எழுத ஆரம்பித்தார்கள். 27 பேர்! நம் ஒரு தோட்டத்துப் பெரட்டில் நிற்கும் கூட்டம்கூட இல்லை. அவர்கள் எழுதியதை வனுவாட்டு நாடு எடுத்துக்கொண்டது. 2023 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபை ஏற்றது. 2025 ஜூலை 23-ல் உலக நீதிமன்றம் ஒரே குரலாகச் சொன்னது: பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை. கடமை தவறினால் ஈடு கொடுக்கவும் நேரும்.

ஈடு! உலக நீதிமன்றத்தின் வாயிலிருந்து அந்தச் சொல் வந்துவிட்டது. 27 பேர் எழுத உட்கார்ந்ததால் வந்தது.

நாமும் எழுதுவோம். இன்றைக்கே எழுதுவோம். ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு நோட்டு. நமக்கு நாமே ஒரு செக்ரோல். மழையால் போன நாள், எழுதுங்கள். வெயிலில் மயங்கி விழுந்த நாள், எழுதுங்கள். புகைமூட்டத்தில் இருமிக்கொண்டே குலை வெட்டிய நாள், எழுதுங்கள். தண்ணீர் எந்த ஆணி வரை ஏறியது, எழுதுங்கள். மெத்தை, புத்தகம், தையல் மெஷின், எழுதுங்கள். போன கூலியை எழுதுங்கள். முதலில் அதை எழுதுங்கள். எப்பவும் உள்ளதுதானே என்று எந்த அக்கா சொன்னாலும் கையைப் பிடித்து எழுத வையுங்கள்.

நூறு வருசமாக நம்மைப் பற்றி மற்றவர்கள் எழுதினார்கள். எழுதியவன் கையில் கணக்கு இருந்தது. கணக்கு யார் கையில் இருக்கிறதோ அவன் சொல்வதுதான் பாக்கி. இனி நாம் எழுதுகிறோம்.

நமக்கு மட்டும் எழுதாதீர்கள். பக்கத்து லயத்தில் வங்காளதேசத்துத் தோழர் இருக்கிறார். அவர் ஊரில் கடல் வயலுக்குள் வந்துவிட்டது. உப்புத் தண்ணீர் துரத்தியவரை இங்கே வெயில் சுடுகிறது. இந்தோனேசியத் தோழர் இருக்கிறார். நேப்பாளத் தோழர் இருக்கிறார். அவர்கள் பெர்மிட்டுக்குப் பயந்து பேச மாட்டார்கள். அவர்களுக்காகவும் நாம் எழுதுவோம். அவர்களை நம் எதிரி என்று சொல்பவன் முதலாளிக்குத்தான் வேலை செய்கிறான்.

நோட்டு நிறையட்டும். நகல் எடுப்போம். சங்கத்துக்கு ஒன்று. கூட்டு ஒப்பந்தம் பேசும் மேசையில் மழை நாள் கூலியும் வெப்ப ஓய்வும் ஏற வேண்டும். சட்டமன்ற உறுப்பினருக்கு ஒன்று. நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒன்று. இயற்கை வள அமைச்சுக்கு ஒன்று. ஏற்புத் திட்டத்தை எழுதுபவர்களின் மேசையில் ஒன்று. கேட்பது இவைதான்: பாக்கி மானியமாக வர வேண்டும், கடனாக வேண்டாம். வரும் பணத்தில் தோட்டத்துக்கு என்று பங்கு இருக்க வேண்டும். அந்தப் பங்கைப் பிரிக்கும் குழுவில் பால் வெட்டியவரும் உதிரி பொறுக்கியவரும் உட்கார வேண்டும். வெள்ளம் ஏறாத மேட்டில், நம் பேரில், வீடு வேண்டும்.

2026 நவம்பரில் துருக்கியின் அந்தால்யா நகரில் மறுபடி மேசை போடுகிறார்கள். மலேசியா அங்கே போகும். வெறுங்கையோடு போகவிடாதீர்கள். நெகிரி செம்பிலான் தோட்டங்களின் கணக்கு அந்தப் பையில் இருக்க வேண்டும்.

தயங்குகிறீர்களா? யார் முதலில் எழுதுவது என்று பக்கத்து வாசலைப் பார்க்கிறீர்களா? அவரும் உங்கள் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். முதலில் எழுந்து நில்லுங்கள். அவர் எழுவார். லயம் எழும். தோட்டம் எழும்.

வருகிற சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு, காலை பூசை முடிந்ததும், ஒவ்வொரு தோட்டத்துக் கோவில் மண்டபத்திலும் கூடுங்கள். கிழவிகளை அழைத்து வாருங்கள், 1970-களின் வெள்ளமும் வறட்சியும் அவர்களுக்குத்தான் ஞாபகம். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகளை அழைத்து வாருங்கள். பழைய சம்பளச் சீட்டுகளை எடுத்து வாருங்கள், சேறு படிந்திருந்தாலும் எடுத்து வாருங்கள். நோட்டை நான் வாங்கி வருகிறேன். முதல் பக்கத்தில் உங்கள் பேரை உங்கள் கையாலேயே எழுதுங்கள்.